ஏரி வாலும் சமையலறை ஜன்னலும்

எங்கள் சமையலறை ஜன்னல் ஒரு செய்தித்தாளை விரித்த அகலம்கூட இருக்காது. அதிலும் பாதியைக் கம்பிகள் தின்றுவிடும். மிச்சமுள்ள இடைவெளியில் ஏற்காட்டு ஏரியின் பின்கோடி ஒரு கீற்றுத் தெரியும். கொஞ்சம் கோரை, கொஞ்சம் சம்பு, ஒரு சில்வர் ஓக் மரம், மூட்டம் விலகினால் கையகலத் தண்ணீர். படகுத்துறையும் பஜ்ஜிக் கடைகளும் ஏரியின் தலைப்பக்கம் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்துவிட்ட திருப்தியோடு இறங்கிவிடுவார்கள். ஓடை வந்து சேரும் இந்தச் சேற்றுக் கோடிக்கு யாரும் வருவதில்லை. அதற்கு ‘ஏரி வால்’ என்று பெயர் வைத்தவர் என் கணவர். அவர் மௌத்தான பிறகு நான் இத்தா இருந்த மாதங்களில் எனக்கென்று மிச்சமிருந்த உலகம் அந்தக் கீற்றுதான்.

இத்தா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் கணவன் வீட்டிலேயே இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது, அவசியமில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. மார்க்கம் சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் சொந்தக்காரர்கள் ஒரு மூட்டை சேர்த்துச் சொன்னார்கள். கண்ணாடி பார்க்காதே, நிலாவைப் பார்க்காதே, சத்தம் போட்டுப் பேசாதே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெள்ளைச் சேலை கட்டி உட்கார வைத்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அடுப்பில் காட்டினேன். எங்கள் வீட்டுப் பருப்பு தினமும் அடிப்பிடித்தது.

அதற்கு முன் நான் வீட்டில் தங்குகிற ஆளே இல்லை. கடைவீதியில் ஸ்வெட்டர், குல்லாய், சால்வை விற்கும் கடை எங்களுடையது. சேலத்து வெயிலில் பஸ் ஏறியவர்கள் மலைக்கு வந்து இறங்கும்போது பல் தந்தியடிக்கும். நேராக எங்களிடம்தான் ஓடி வருவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை. அவருக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடை என்றால் அவருக்கு வேப்பங்காய். நடக்காமல் தப்பிக்க ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்தார். கைலியோடு ஏறி இறங்கச் சௌகரியம் என்று, லேடீஸ் சைக்கிள். கடைவீதி மேட்டில் ஒரே ஒரு நாள் மிதித்துப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, “இதுக்கு நடந்தே தொலைக்கலாம். நீயே வெச்சுக்கோ கண்ணு” என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து விடியற்காலையில் சுபுஹு தொழுததும் கிளம்பிவிடுவோம். அவர் நடப்பார், நான் சைக்கிளில் அவர் வேகத்துக்கு ஊர்ந்துகொண்டு கூடவே போவேன். ஊரே சிரித்தது. ஏரி வாலில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் பக்கத்தில் வேலி போட்டு, ‘பறவைகள் வாழுமிடம், சத்தம் போடாதீர்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே ஒற்றையடிப் பாதை உண்டு, நடந்து போகலாம். என் செருப்பையும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டு அவர் பாலத்தில் நிற்பார். நான் சுடிதாரைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே போவேன். அட்டை கடித்தால் போட ஒரு பொட்டலம் உப்பு இடுப்பில் இருக்கும். கோரைக்குள் தாழைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நீந்துவதையும், முக்குளிப்பான் இங்கே முங்கி அங்கே எழுவதையும் பார்த்துவிட்டு வந்து சொன்னால், எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “கோழிதானே?”

வாலாட்டிக் குருவி ஒன்றை மட்டும் அவர் கோழி என்று சொன்னதில்லை. மழைக்காலத்தின் கடைசியில் எங்கிருந்தோ வந்து, ஓடை நடுவிலிருக்கும் தட்டைக் கல்லில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். “நம்ம சீசன் கஸ்டமர் வந்தாச்சு. இனி குளுரு ஆரம்பிக்கும், சரக்கு எறக்கலாம்” என்பார். பொய்யில்லை, அதைப் பார்த்த பிறகுதான் சால்வைக்கு ஆர்டர் கொடுப்பார்.

கடைக்குக் கூட்டம் வராத நாட்களில் இன்னும் தூரம் போவோம். நான் சைக்கிளில் வெள்ளக்கடை கிராமம் வரை போவேன், அவர் பஸ்ஸில் வந்து டீக்கடையில் காத்திருப்பார். காபிச் செடிகளுக்கு நடுவே கால் புதையும் ஈரநிலங்கள் அந்தப் பக்கம் நிறைய. தலைச்சோலைக்குப் போகும் வழியில் ஒன்றில் முழங்கால் வரை மாட்டிக்கொண்ட என்னை, எஸ்டேட்டில் வேலை செய்த பெண்கள் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வந்து சொன்னதற்கு அவர் டீயைக் கீழே வைக்காமல், “அங்கயும் கோழியா?” என்றார்.

அவர் போனது கடையில்தான். ஒரு குழந்தையின் தலைக்குக் குல்லாய் அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து என் அண்ணன் ஓடி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அத்தா இறந்த பிறகு அப்பா இடத்தில் நின்று என்னைக் கட்டிக்கொடுத்தவர். அடக்கம் முடிந்த மறுநாளே, “ஒத்தப் பொம்பளைய இந்த மலையில உட்டுட்டுப் போக முடியாது. கெளம்பு கண்ணு, நம்ம ஊட்டுக்குப் போலாம்” என்றார். ஊருக்கெல்லாம் வாய் நீளும் எனக்கு அண்ணன் கண் கலங்கினால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது குறுக்கே வந்தது இத்தாதான். பள்ளிவாசல் ஹஜ்ரத், “இத்தா புருசன் ஊட்டுலதாங்க இருக்கோணும். முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார். அண்ணன் மார்க்கத்துக்குக் கட்டுப்பட்டவர். சரி என்றுவிட்டார். ஆக என்னை அடைத்து வைத்ததும் அதுதான், சேலத்துக்குப் போகாமல் பிடித்து வைத்ததும் அதுதான். அது முடிகிற நாளில் கார் வரும், கடையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஏற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நான் சம்மதித்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானோ பருப்புச் சட்டியைப் பார்த்து, “வரமாட்டேன், என்ன செய்வீங்க?” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் துணையாக அண்ணன் தன் மனைவியை விட்டுவிட்டுப் போனார். துணை என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். காவல்.

மதனி சேலம் கோட்டைப் பக்கத்து எங்கள் கூட்டுக் குடும்பத்தில் வாக்கப்பட்டு, கல்யாணமான மறுநாளிலிருந்து பத்துப் பதினைந்து பேருக்கு ஆக்கிப் போடுகிறவர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. ஏற்காட்டுக்கு வந்ததும் காதில் மப்ளர், காலில் சாக்ஸ், அதற்கு மேல் செருப்பு என்று நடமாடினார். வந்த அன்றே அவர் செய்த முதல் வேலை, சமையலறை ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டது. “ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாதல்ல கண்ணு” என்றார். அந்தக் கோடியில் இருக்கிற ஒரே ஆண் தாழைக்கோழிதான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போர்வைக்குப் பின்னால் இருந்த அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே மழை. துணி காயாத நாற்றம். விடியற்காலையில் தாழைக்கோழி கத்துவது கேட்கும், பார்க்க முடியாது. வாசல் ஓரத்தில் சைக்கிள் சாக்கு மூடி நிற்கும். பாலத்துக்கு இறங்கி நடந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அவரை நினைத்து அழுகிறேனா, வெளியே போக முடியாமல் அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான் வந்தது.

துக்கம் கேட்க வந்த ஹஜ்ரத்தின் மனைவி ஒரு நாள் சமையலறைக்குள் வந்து, “என்னுங்க இது, இப்படி இருட்டா?” என்று கேட்டார். மதனி காரணத்தைச் சொன்னார். “ஜன்னலப் பாக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுலீங்க இருக்குது?” என்று அந்த அம்மா போர்வையை அவிழ்த்து மதனி கையிலேயே கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தண்ணீர் தெரியவே இல்லை.

அதனால் மதனியைக் கெஞ்சினேன். பால் வாங்கப் போகும்போது பாலம் வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்ன இருக்கிறதென்று சொல்லுங்கள் என்றேன். சரி என்று போனார். திரும்பி வந்து, “நெறைய இருந்துச்சு கண்ணு. கொக்கு இருந்துச்சு. வாத்து இருந்துச்சு. ஒரு மயிலு நொம்ப அழகா நீந்துச்சு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு இத்தாவாவது ஒன்றாவது. “மயில் நீந்துமா மதனி? நீங்க பால் பூத்தத் தாண்டவே இல்ல. புருசன் செத்துப்போயி உள்ளாற கெடக்கறவகிட்ட எதுக்குங்க பொய்யி? பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு?” என்று கத்திவிட்டேன். மதனி முகம் சுருங்கிப் போனது. சேறும் அட்டையும் பயமாக இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். நான் அலமாரியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வந்தவர் சாக்ஸைக் கையில் பிடித்திருந்தார். பாதம் முழுக்கச் சேறு. “கருப்பா ஒரு கோழி கண்ணு. நெத்தியில சாந்துப் பொட்டு வெச்சாப்புல செவப்பு. பின்னாடியே குஞ்சுங்க, கரித்துண்டாட்டம். நான் எண்ணுறதுக்குள்ள ஒண்ணு முங்கிருச்சு!” என்று மூச்சு விடாமல் சொன்னார். அது பொய்யில்லை. அவருக்குக் கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு பால் வாங்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. வேலிக்குள் நடந்தார். ஓடையை ஒட்டி மேலே போனார். ஒரு நாள் சைக்கிள் மேல் இருந்த சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுல போனா நீ சொல்ற அந்த வெள்ளக்கடைப் பக்கம் போலாமா?” என்று கேட்டார். அறுபதை நெருங்குகிற மனுஷி. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

கொல்லைச் சுவருக்குள் பழக்கினேன். நான் சமையலறைப் படியைத் தாண்டாமல் நின்று சத்தம் போடுவேன், மதனி சேலையைச் சொருகிக்கொண்டு சுற்றுவார். “சக்கரத்தப் பாக்காதீங்க மதனி, முன்னாடி பாருங்க!” என் ரோஜாத் தொட்டிகள் எல்லாம் உடைந்தன. அவர் முட்டி உடையவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். கடைசியில் ஒரு காலையில் அவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். சில்வர் ஓக்கைத் தாண்டி ஒரு மப்ளர் கடந்து போவது கம்பிகளுக்கு நடுவே கண்ணில் பட்டு மறைந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளக்கடைக்கும் போய்விட்டுத்தான் வந்தார். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு, இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, “கல்யாணமாயி இத்தன வருசத்துல நான் தனியா எங்கயும் போனதில்ல கண்ணு. மாமியா, கொழுந்தன், பசங்கன்னே போயிருச்சு” என்று சிரித்தவர், தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நம்ம ஊட்டுல சமையக்கட்டுச் சன்னலத் தெறந்தா பக்கத்து ஊட்டுச் செவுருதான்” என்றார். என்னைக் காக்க வந்தவர் வெளியே சுற்றிக்கொண்டிருந்தார், நான் உள்ளே கிடந்தேன். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணன் போனில் கேட்டால், “எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க” என்பார் மதனி.

இத்தா முடிந்த காலையில் குளித்து, நிறச் சேலை கட்டிக்கொண்டேன். பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. நான் ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் தொண்டையைத் தாண்டி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மதனி கடைசித் தடவை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அண்ணன் மத்தியானம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வெயில் ஏறும் முன்பே வந்து நின்றார். முகம் கல்லாக இருந்தது. டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. நடந்ததைப் பின்னால் டிரைவர்தான் சொன்னார். ஏரி வளைவில் எதிரே சைக்கிளில் வந்த பெண்மணி மணி அடித்ததும், அண்ணன் காரை ஓரங்கட்டி வழிவிடச் சொன்னாராம். கடந்துபோன பிறகுதான் அது தன் மனைவி என்று அவருக்குத் தெரிந்ததாம்.

அதே நேரம் கேட் கிறீச்சிட்டது. மதனி உள்ளே வரும்போதே கத்தினார். “கண்ணு! வந்துருச்சு கண்ணு! வாலாட்டி வந்துருச்சு! அந்தத் தட்டக் கல்லு மேல...” கூடத்துக்கு வந்தவர் அண்ணனைப் பார்த்தார். சேலை இன்னும் முழங்காலுக்குக் கீழே சொருகியபடியே இருந்தது. அவசர அவசரமாக இறக்கிவிட்டார்.

அண்ணன் என்னிடம், “பெட்டிய ஏத்தச் சொல்லட்டுமா கண்ணு?” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பெட்டியைப் பார்த்தேன். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

“அவ வரலைங்க” என்றார் மதனி.

அண்ணன் திரும்பினார். மதனி தலைமுந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். “அவளுக்கு வர மனசில்லைங்க. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாம நிக்கறா. கடை இருக்குது, ஊடு இருக்குது. அவ இங்கயே இருக்கட்டுங்க. அங்க கூட்டிட்டுப் போயி என்னங்க பண்றது? நம்ம ஊட்டுல இன்னொரு ஆளு அடுப்பங்கரையில நிக்கறதுக்கா?”

கடைசி வார்த்தை என்னைப் பற்றியதல்ல என்று எனக்கும் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஆமாம் என்று. ஆறிப்போன டீயை நகர்த்தி வைத்துவிட்டு, “சரி கண்ணு. உன்ற இஷ்டம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கட்டாயப்படுத்த அவருக்கு மனம் வராது. பிறகு மதனியிடம், அதைவிடத் தணிந்த குரலில், “உன்னைய இத்தன நாள் இங்க உட்டது என்ற தப்பு. போயிக் கால் கழுவிட்டு வண்டில ஏறு. இனி நீ இந்த மலைக்கு வரவேண்டியதில்ல” என்றார்.

மதனி கால் கழுவவில்லை. சேற்றுச் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மப்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஏறினார். எனக்காகப் பேசிய மனுஷிக்காக அப்போதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் ஏரியைச் சுற்றிப் போவது ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் எனக்கு வாசலைத் தாண்டலாம் என்பதே ஞாபகம் வந்தது.

கடையைத் திறந்துவிட்டேன். குல்லாய் வாங்க வருகிறவர்களிடம் பழைய மாதிரியே சண்டை போடுகிறேன். காலையில் தனியாகப் போகிறேன். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அதைச் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு வேலிக்குள் இறங்குகிறேன். எனக்கு இத்தா முடிந்துவிட்டது. மதனிக்கு எப்போது முடியும் என்று எந்த ஹஜ்ரத்திடம் போய்க் கேட்பேன்?

சேலத்தில் அண்ணன் தன் கடைக்குக் கிளம்பியதும் மதனி தினமும் போன் செய்கிறார். நலமா என்றுகூடக் கேட்பதில்லை. “இன்னைக்கு என்ன இருந்துச்சு?” என்பதுதான் முதல் கேள்வி. சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் குக்கர் விசிலும் யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவதும் கேட்கும். “இரு கண்ணு” என்று போய்க் கொடுத்துவிட்டு வந்து, “ம், அப்புறம்?” என்பார்.

போன வாரம் விடிய விடிய மழை. கம்பளியை விட்டு எழவே மனமில்லை, நான் போகவில்லை. போன் வந்ததும், சொல்லித் தொலைப்போம் என்று, “தாழக்கோழி இருந்துச்சுங்க மதனி. வாலாட்டி இருந்துச்சு” என்றேன்.

“மழையிலயா? எங்க நின்னுச்சு?”

“அந்தக் கல்லு மேலதாங்க.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மதனி மெதுவாகச் சொன்னார். “இந்த மழைக்கு அந்தக் கல்லு முழுகியிருக்கும் கண்ணு. பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாத. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

கடை திறக்கிற நேரம் தாண்டியிருந்தது. மதனியின் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ஏரி வாலுக்கு இறங்கினேன். கல் முழுகித்தான் இருந்தது.